ஒரு கை குறையுது

ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு. பத்துக்குப் பத்து, ஆசுக்குப் பதினொன்று. ஒன்பதுக்கு இருபது. எல்லாருக்கும் மேலே ஜாக்கி, அவனுக்கு முப்பது. எட்டும் ஏழும் வெறும் சீட்டு. ஒரு ஜாதிக்கு 76 புள்ளி, நான்கு ஜாதிக்கும் சேர்த்து 304. வாய்ப்பாடு படிக்கும் வயதிலேயே எனக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்.

அப்பா எண்ணூர் அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்தார். 1970-ல் ஓடத் தொடங்கிய நிலையம் அது, 450 மெகாவாட். காத்திவாக்கத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளின் சாப்பாட்டு நேரத்தையும் தூங்கும் நேரத்தையும் அந்த நிலையத்தின் ஷிப்டுதான் தீர்மானித்தது. மீதிப் பாதிக்கு அசோக் லேலண்டு, விம்கோ தீப்பெட்டிக் கம்பெனி, கடல்.

சீட்டு எங்கும் இருந்தது. கும்மிடிப்பூண்டி ரயிலில் நான்கு பேர் முழங்காலை நெருக்கி உட்கார்ந்து நடுவே துண்டை விரித்தால் அதுவே மேசை. கொருக்குப்பேட்டையில் ஒருவர் எழுந்து இறங்கினால் அவர் கையில் இருந்த சீட்டை நின்றுகொண்டிருந்தவர் வாங்கிக்கொள்வார். எண்ணூர் வரும்வரை ஆட்டம் நிற்காது. தாழங்குப்பத்தில் கடல் கொந்தளிக்கும் நாட்களில் படகு நிழலில் உட்கார்ந்து ஆடுவார்கள். அங்கெல்லாம் பெண்களுக்கு இடமில்லை. சீட்டைத் தொட்ட வீடு உருப்படாது என்று அம்மா உறுதியாக நம்பினாள். காசு வைத்து ஆடி மனைவியின் தாலியை அடகுக்கடைக்கு அனுப்பியவர்களை அவள் பார்த்திருந்தாள். அவள் பயத்தில் தவறில்லை.

அப்பா காசு வைத்து ஆடியதே இல்லை. முன்னூற்று நாலு மட்டும்தான் ஆடுவார். புளியங்கொட்டைதான் பந்தயம். வீட்டுத் திண்ணையில் அப்பா, அத்தை, பக்கத்து வீட்டு மாமா, அவருடைய தம்பி என்று நான்கு பேர். தம்பிக்கு சி ஷிப்டு வந்துவிட்டால் இரவு பத்து மணிக்கு அவர் உள்ளே போயாக வேண்டும். அப்படி ஒரு ராத்திரிதான் அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்: "பாப்பா, ஒரு கை குறையுது. வந்து உக்காரு."

அம்மா முறைத்தாள். ஆனால் மூன்று பேரை வைத்து அந்த ஆட்டம் ஆட முடியாது. அந்த ஒரு காரணத்துக்காக எனக்குத் திண்ணையில் இடம் கிடைத்தது.

அப்பா சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான். விழுந்த சீட்டை எல்லாம் மனதில் வை. கூட்டாளிக்குச் சாடை காட்டாதே. கண்ணாலும் கூடாது, இருமியும் கூடாது. உன் கூட்டாளி எதிரே உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் இருப்பவன் எதிராளி. ஆகவே எதிரே இருப்பவன் போடுகிற சீட்டைப் பார்த்தே அவன் மனசைப் படி. ஜாக்கி ஏன் ராஜாவைவிடப் பெரியவன் என்று நான் கேட்டதற்கு அவர் யோசிக்காமல் பதில் சொன்னார்: "அவன் வேலைக்காரன் பாப்பா. நிஜத்துல யாரால எல்லாம் நடக்குதோ, அவன இந்த ஆட்டம் மேல தூக்கி வச்சிருக்கு." கொதிகலன் பக்கத்தில் நின்று வேலை செய்துவிட்டு வந்த மனிதர் அதைச் சொன்னபோது அந்தக் குரலில் பெருமை இருந்தது.

2003-ல் கடற்கரைப் பொறியியல் படிக்க நெதர்லாந்துக்குப் போனேன். டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம் மணல் மூடுவதையும், கரையைக் கடல் தின்பதையும் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்தப் படிப்பு இயல்பாக வந்தது. நிலத்தின் ஒரு பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும் நாடு அது. 1953-ல் ஒரே இரவில் கடல் உள்ளே புகுந்து 1,836 பேரைக் கொன்ற பிறகு, தன் தென்மேற்குக் கரையை அணைகளாலும் மதகுகளாலும் திரும்பக் கட்டிய நாடு. கற்றுக்கொள்ள நிறைய இருந்தது. பேச ஆள்தான் இல்லை.

அங்கே யாரும் யாரையும் ஒதுக்கவில்லை. ஆனால் டைரியில் குறிக்காமல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. மாலை ஆறு மணிக்குச் சாப்பாடு. அந்த நேரத்தில் கதவைத் தட்டுவது பழக்கமில்லை. டிசம்பரில் நாலரை மணிக்கே சூரியன் போய்விடும். வகுப்பு முடிந்து எதிர்க்காற்றில் சைக்கிளை மிதித்து அறைக்கு வந்தால், பேச இருந்தது சென்னைக்குப் போன் செய்ய வாங்கிய அட்டை ஒன்றுதான். அதில் நிமிடங்கள் வேகமாகக் கரைந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. எங்கள் மாடியில் எல்லாருக்கும் பொதுவான சமையலறை. நெத்திலிக் கருவாட்டை வறுத்துக்கொண்டிருந்தேன். மேசையில் மூன்று பேர் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ராட்டர்டாம் பையன் ஒருவன். அவன் அப்பா துறைமுகத்தில் கிரேன் இயக்குபவர். மார்செய் நகரத்துப் பெண் ஒருத்தி. இலங்கையின் பருத்தித்துறையில் பிறந்து பேராதனையில் படித்த அண்ணன் ஒருவர், எங்களில் மூத்தவர். மூவருமே என் வகுப்பு. வருவதாக இருந்த நாலாவது ஆள் ஊருக்குப் போய்விட்டான். பையன் என்னைப் பார்த்துத் தயக்கத்தோடு, நாலு பேர் வேண்டும், சீட்டாடத் தெரியுமா என்று கேட்டான்.

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். கருவாட்டுத் தட்டையும் நடுவில் வைத்தேன். வாசனையை ஒருவரும் குறை சொல்லவில்லை. நாலு பேருமே மீன் தின்று வளர்ந்தவர்கள்.

அவன் தன் ஊர் ஆட்டத்தை விளக்க ஆரம்பித்தான். க்ளாவர்யாஸ் என்று பெயர். ஏழுக்குக் கீழே உள்ள சீட்டுகளை எடுத்து ஓரம் வைத்தான். முப்பத்திரண்டு சீட்டு, ஆளுக்கு எட்டு, இரண்டு இரண்டு பேராகக் கூட்டு. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். துருப்பில் பெரியது எது தெரியுமா என்று அவன் கேட்டான். ஜாக்கி என்றேன். அடுத்தது? ஒன்பது. அதற்கு அடுத்தது ஆசு, பிறகு பத்து, பிறகு ராஜா, ராணி என்று நானே சொல்லி முடித்தேன். அவன் சீட்டைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான். பக்கத்தில் அண்ணன் சிரித்தார். "முன்னூற்று நாலு ஆடுற ஊரோ, தங்கச்சி?"

அப்புறம் அன்று நடந்ததை ஆட்டம் என்பதா, ஆராய்ச்சி என்பதா தெரியவில்லை. ஆளுக்கொரு காகிதத்தில் அவரவர் ஊர்க் கணக்கை எழுதினோம். மார்செய் பெண்ணின் ஊர் ஆட்டம் பெலோட். காப்பிக் கடைகளில் அவள் தாத்தா ஆடியது. அவள் எழுதியதும் அந்தப் பையன் எழுதியதும் அப்படியே ஒத்துப்போயின: துருப்பு ஜாக்கிக்கு 20, ஒன்பதுக்கு 14, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 4, ராணிக்கு 3. கடைசிப் பிடிக்கு 10 சேர்த்தால் இருவருக்கும் மொத்தம் 162. அண்ணன் எழுதியதும் நான் எழுதியதும் அதேபோல ஒன்று: 304. பாக் நீரிணைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லை.

வித்தியாசங்கள் வேறு இடத்தில் இருந்தன. ஐரோப்பிய ஆட்டங்களில் ஜாக்கிக்கும் ஒன்பதுக்கும் துருப்பில் மட்டுமே மகுடம். மற்ற ஜாதிகளில் ஆசும் பத்தும் மேலேறிவிடும், ஜாக்கி இரண்டு புள்ளிக்கு இறங்கிவிடுவான். நம் ஆட்டத்தில் எந்த ஜாதியானாலும் ஜாக்கிதான் பெரியவன். பெலோட் சுற்றும் திசையும் நம் திசையும் ஒன்று, வலப்பக்கமாக. ராட்டர்டாம்காரன் மட்டும் இடப்பக்கமாகச் சுற்றப் பழகியவன். அன்று முழுவதும் அவன் கை தப்பான முறைக்கு நீண்டுகொண்டே இருந்தது. அவன் ஊர் விதி கடுமையானது: கேட்ட ஜாதி கையில் இல்லையென்றால், கூட்டாளியே பிடி எடுக்கும் நிலையில் இருந்தாலும் துருப்பைப் போட்டே ஆக வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் அந்தக் கட்டாயம் இல்லையாம். இரண்டு நகரங்களுக்கும் இது ஒரு மானப் பிரச்சினை என்று அவன் சொன்னான்.

ஒவ்வொரு ஊர் விதிப்படியும் ஒரு சுற்று என்று முடிவாயிற்று. க்ளாவர்யாஸில் அண்ணன் நம்பிக்கையோடு துருப்பில்லாத ஜாதியின் ஜாக்கியை இறக்கினார். மார்செய் பெண் ஆசைப் போட்டு எடுத்துக்கொண்டாள். முன்னூற்று நாலில் அவள் அதே ஆசை வைத்து ஏமாந்தாள்.

பையனையும் அவளையும் முன்னூற்று நாலில் கட்டிப்போட்டது கவிழ்த்து வைக்கும் துருப்புதான். முதலில் நாலே நாலு சீட்டுதான் கைக்கு வரும். அதை மட்டும் பார்த்து, எவ்வளவு எடுப்பேன் என்று கேட்க வேண்டும். அதிகம் கேட்டவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். எது துருப்பு என்று அவருக்கு மட்டுமே தெரியும், கூட்டாளிக்கும் தெரியாது. பிறகுதான் மீதி நாலு சீட்டு.

ஒரு கை இன்னும் நினைவில் இருக்கிறது. ராட்டர்டாம் பையன் எனக்குக் கூட்டாளி, அவன்தான் சீட்டுப் போட்டான். என் நாலில் இஸ்பேட் ஜாக்கி, ஒன்பது, பத்து, ஓர் ஆர்ட்டின் ஏழு. மார்செய் பெண் 160 கேட்டாள். நான் 170. அண்ணன் 180. பையன் விட்டான், அவளும் விட்டாள். நான் 190 கேட்டேன், அண்ணன் நிறுத்திக்கொண்டார். இஸ்பேட் பத்தைக் கவிழ்த்து வைத்தேன். ஆட்டத்தின் நடுவில் அவள் டைமன் ஜாக்கியை இறக்கினாள். என்னிடம் டைமன் இல்லை. ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போட்டேன். அது துருப்பா, குப்பையா என்று அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். அப்பா பழக்கிய முகம், ஒன்றும் தெரியாது. தன் பக்கத்துக்குத்தான் பிடி என்று எண்ணி ஆசைக் கொடுத்தார். என் கூட்டாளி ராஜாவைப் போட்டான். நான் சீட்டைத் திருப்பினேன்: இஸ்பேட் ஒன்பது. முப்பதும் இருபதும் பதினொன்றும் மூன்றும், ஒரே பிடியில் 64. கூட்டாளி மேசையைத் தட்டிய தட்டில் பக்கத்து அறைக் கதவு திறந்தது. கடைசியில் எண்ணிப் பார்த்தால் 203. "நல்லா மறைச்சுட்டீங்கள்" என்று அண்ணன் கைகொடுத்தார்.

ஆட்டத்துக்கு நடுவே பேச்சு தானாக வந்தது. அலைக் கணக்குத் தேர்வு, திருடு போன சைக்கிள், மார்செய் மீன் சூப்பு, கிரேன் மேலிருந்து பார்த்தால் தெரியும் ராட்டர்டாம். அங்கே டிசம்பரில் விற்கும் ஒலிபோலன் என்ற இனிப்பு உருண்டையைப் பையன் கொண்டுவந்தான். நம் ஊர் போண்டாவுக்குத் தங்கை. அண்ணன் சீட்டை மிக வேகமாகப் போடுவார். ஏன் இந்த அவசரம் என்று அவள் கேட்டாள். 1990-க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் கிடையாது, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில்தான் அவர் படித்தார், அதே வெளிச்சத்தில்தான் ஆடினார். "எண்ணெய் முடியிறதுக்குள்ள ஆட்டத்தை முடிக்கோணும். அந்தப் பழக்கம் விடேல்ல" என்றார். அவர் வீட்டிலும் அண்ணன்மார் ஒவ்வொருவராக ஊரைவிட்டுப் போன பிறகு, குறைந்த கைக்காக அவருடைய அம்மாவே உட்கார்ந்தாராம். மேசையில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு மார்செய் பெண் சீட்டைக் கலைத்தாள்.

பதினொரு மணிக்கு மேலே அண்ணனும் நானும் காற்று வாங்க வெளியே நடந்தோம். ஔட டெல்ஃப்ட் கால்வாய்க் கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய மாளிகை நிற்கிறது. அந்தக் கம்பெனி 1602-ல் தொடங்கியபோது ஆறு நகரங்களில் அதற்குக் கிளை. டெல்ஃப்ட் அவற்றில் ஒன்று. இந்த மாளிகையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்களின் கம்பெனிதான் 1613-ல் எங்கள் காத்திவாக்கத்துக்கு வடக்கே பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுதான் தலைமையிடம். 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணமும் அவர்கள் கையில்தான் இருந்தது. பழவேற்காட்டில் எலும்புக்கூடு செதுக்கிய தூண்களோடு டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சிறுவயதில் அப்பாவோடு போய்ப் பார்த்திருக்கிறேன். அந்தக் கரையிலிருந்து துணி போயிற்று. அடிமைகளாக மனிதர்களும் கப்பலில் ஏற்றப்பட்டார்கள். அந்தக் கணக்கும் இந்த மாளிகைக்கு வந்திருக்கும் என்று அண்ணன் சொன்னார். அதை மறந்துவிட்டு அந்தச் சுவர்களின் அழகை ரசிக்க எங்களால் முடியவில்லை.

ஸ்விட்சர்லாந்தின் யாஸ், பிரான்சின் பெலோட், நெதர்லாந்தின் க்ளாவர்யாஸ், கேரளத்தின் இருபத்தெட்டு, நம் முன்னூற்று நாலு ஆகியவற்றைச் சீட்டாட்ட வரலாற்றாளர்கள் ஒரே குடும்பமாகச் சேர்க்கிறார்கள். ஜாக்கியும் ஒன்பதும் உச்சியில் இருப்பது அந்தக் குடும்பத்தின் அடையாளம். குடும்பத்தின் பிறப்பிடம் நெதர்லாந்து என்பது அவர்கள் கருத்து. கப்பலில்தான் அது வந்தது என்றாலும், நம் கரை அதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. துருப்புக்கு மட்டும் இருந்த மகுடத்தை எல்லா ஜாக்கிகளுக்கும் சூட்டியதும், துருப்பைக் கவிழ்த்து வைத்ததும் இந்தப் பக்கத்து மூளையாகத்தான் இருக்க வேண்டும். உப்பளத்திலும் தறியிலும் படகிலும் வேலை செய்தவர்களின் ஓய்வு நேரம் அதில் இருக்கிறது. அப்பா சொன்ன வேலைக்காரனை இங்கேதான் நாலு ஜாதியிலும் பெரியவனாக்கினார்கள் என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு.

அன்று தொடங்கி வெள்ளிக்கிழமைகள் மாறின. கதவைத் தட்ட டைரி தேவைப்படவில்லை. படிப்பில் உதவி, காய்ச்சலுக்குக் கஞ்சி, வேலைக்கு விண்ணப்பம், எல்லாம் அந்த மேசையிலிருந்து கிளம்பியவை. யோசித்துப் பார்த்தால் இரண்டு முறையும் எனக்கு இடம் தந்தது இரக்கமோ சமத்துவப் பேச்சோ இல்லை. திண்ணையில் பெண்பிள்ளைக்கும், அந்தச் சமையலறையில் அயல்நாட்டாளுக்கும், ஆட்டத்தின் தேவையே நாற்காலி போட்டது. நாலு பேர் இல்லாமல் நடக்காத ஆட்டம், நாலாவது மனிதர் யார் என்று பார்க்காது. உட்கார்ந்த பிறகு அவர் கூட்டாளி ஆகிவிடுவார்; கூட்டாளியின் மனசைப் படிக்காமல் ஒரு சீட்டும் போட முடியாது. மனிதர்களைச் சேர்த்து வைக்க இதைவிட நேர்மையான வழியை நான் கண்டதில்லை.

எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. ஷிப்டு இல்லை, சங்கு இல்லை, திண்ணையில் கூடியவர்களும் சிதறிவிட்டார்கள். கும்மிடிப்பூண்டி ரயிலில் இப்போது துண்டு விரிவது அரிது. ஆளுக்கொரு கைப்பேசி. அதிலும் சீட்டு வந்தது: காசு கட்டும் ரம்மி. ரம்மி திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1968-ல் சொன்னது, நேரில் உட்கார்ந்து ஆடும் ஆட்டத்தைப் பார்த்து. கைப்பேசி ரம்மியில் எதிரே இருப்பவரின் முகம் கிடையாது, கூட்டாளி கிடையாது, ஷிப்டுக்கு நேரமாயிற்று என்று எழுப்புகிறவர் கிடையாது. கடனில் மூழ்கித் தமிழ்நாட்டில் எத்தனையோ இளைஞர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022-ல் மாநில அரசு சட்டம் கொண்டுவந்தது. 2023-ல் உயர் நீதிமன்றம் அதிலிருந்து ரம்மிக்கு விலக்குத் தந்தது. 2025-ல் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்தது. அந்தத் தடையை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். அம்மா இருந்திருந்தால் என்னைவிட அதிகம் வரவேற்றிருப்பாள்.

ஆனால் தடை மட்டும் போதாது. பறித்த இடத்தில் ஒன்றை வைக்க வேண்டும். காசில்லாத, முகம் பார்க்கும் ஆட்டம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. முன்னூற்று நாலு முறையாக ஆடத் தெரிந்தவர்களில் பலர் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே போய்க் கற்றுக்கொள்ளுங்கள், அவர் ஊர் விதிகளை எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள், பெண்பிள்ளைகளுக்குக் கட்டாயம். புளியங்கொட்டை போதும், காசு வேண்டாம். ஆள் போதவில்லையென்றால் எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலை வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, பேச்சுத் துணையில்லாமல் மாலையைக் கழிக்கும் பையன்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு எதிரே உட்கார வையுங்கள்.